உப்புக்காற்று தின்ற பிரேக் ஒயர்

கேள்வி: தாத்தா ஓட்டிய பழைய பெஜோ சைக்கிள். வளைந்த ஹேண்டில், மேலே தொங்கும் குறுக்கு ஒயரை நடுவில் பிடித்து இழுக்கிற பிரேக், 10 கியர், கியர் லீவர் கீழ்க்குழாயில். பிரேக்கைப் பிடித்தால் லீவர் திரும்பி வருவதில்லை. மேம்பாலம் ஏறும்போது கியர் தானாக மாறி பெடல் கனத்துவிடுகிறது. கடையில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புது செட் போடச் சொல்கிறார்கள். ஒயர் மட்டும் மாற்றினால் போதாதா?
– வாசகர், குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் போதும். புது செட்டுக்கு அவசரப்படாதீர்கள், அந்தக் காலத்துப் பிரேக்கில் ரிம்மைப் பிடிக்க இறங்கும் கை நீளமானது, இப்போது வாங்குகிற பிரேக் உங்கள் ரிம் வரை எட்டாமலே போகலாம்.

கியர் பிரச்சினை ஒயரால் வந்ததாகவே தெரியவில்லை. பழைய லீவர் வெறும் உராய்வில் நிற்பது. பின்னால் உள்ள ஸ்பிரிங் எந்நேரமும் ஒயரை இழுத்துக்கொண்டிருக்கும், லீவர் நடுவில் இருக்கிற திருகு தளர்ந்தால் செயின் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கிவிடும். திருகைக் கொஞ்சம் முடுக்குங்கள். பைசா செலவில்லை.

பிரேக்குக்கு வருவோம். முதலில் ஒயரை அவிழ்த்துவிட்டு லீவரைத் தனியாக, பிரேக் கைகளைத் தனியாக அசைத்துப் பாருங்கள். இரண்டும் இலகுவாக அசைந்தால் குற்றவாளி ஒயர்தான். கடலை ஒட்டிய தெருவில் நிற்கிற சைக்கிளில் வெளியே தெரிகிற ஒயர் பளபளவென்றே இருக்கும், ஆனால் உப்புக்காற்றின் ஈரம் அவுட்டருக்குள் (ஒயரை மூடியிருக்கும் வெளிக்குழாய்) இறங்கித் தங்கிவிடும், அந்தக் கால அவுட்டர்கள் பலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் குழாயும் கிடையாது, வெறும் இரும்புச் சுருள்தான். அதனால் இன்னரை (உள்ளே ஓடும் கம்பி) மட்டும் மாற்றி அவுட்டரை விட்டுவைப்பது வீண் வேலை. தேங்காய் எண்ணெய் விட்டுச் சமாளிப்பதும் வேண்டாம், நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6 மி.மீ. இன்னர், உள்குழாய் உள்ள 5 மி.மீ. அவுட்டர். கியருக்கு 1.2 மி.மீ. இன்னர். இன்னர் இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும், நம் ஊர்க் காற்றுக்கு அந்தக் கூடுதல் காசு தகும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இப்போதைய கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அதைப் பிரேக்குக்குப் போட்டால் இறுக்கிப் பிடிக்கும் நேரத்தில் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். பிரேக்குக்குச் சுருள் அவுட்டர்தான். கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

பிரிக்கும் முன் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்தக் கை லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பது அப்புறம் குழம்பும். பழைய அவுட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் நீளத்துக்கு அளவுகோல். உங்கள் லீவரில் ஒயர் மேலே இருந்து வளைந்து வருமே, அதனால் ஹேண்டில் டேப்பைப் பிரிக்கிற வேலை மிச்சம். அவுட்டரை வெட்டினால் நுனி நசுங்கும். அரத்தால் ராவி மட்டமாக்கி, கோணி ஊசியால் உள்வாயைத் திறந்துவிடுங்கள். பிரேக் சரியில்லை என்று வருகிற புகார்களில் பாதி இந்த நசுங்கிய வாயில்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

பிரேக் இன்னர் பலவற்றில் இரண்டு முனையிலும் தலை (லீவரில் மாட்டிக்கொள்ளும் குமிழ்) இருக்கும், வளைந்த ஹேண்டில் லீவருக்குப் பேரிக்காய் வடிவம், நேர் ஹேண்டிலுக்கு உருளை. வேண்டாததை வெட்டிவிடலாம், எது வேண்டாதது என்று பார்த்துவிட்டு. பழைய பிரெஞ்சு லீவரில் தலை இறங்க மறுத்தால் ஓரத்தைக் கொஞ்சம் ராவுங்கள், சுத்தியால் அடித்து இறக்கினால் அடுத்த முறை வெளியே வராது.

பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விட்டு ஒயரை முடுக்கி, லீவரைப் பல தடவை பலமாக அழுத்துங்கள். ஒயர் அமர்ந்து தளரும், மறுபடி இழுத்து முடுக்குங்கள். கியர் ஒயரைக் கட்டும்போது செயின் பின்னால் மிகச் சின்னப் பல்சக்கரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் மாதிரிப் பிரேக்கில் மெயின் ஒயர் அறுந்தால் குறுக்கு ஒயர் டயர் மேல் விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் முன் மட்கார்டைக் கழற்றிவிட்டு அழகு பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் ராலே சைக்கிளில் ஸ்டர்மி ஆர்ச்சர் 3 கியர் ஹப் (பின்சக்கர நடுவில் கியர்கள் உள்ளே அடங்கிய குடம்). புது ஒயர் போட்டதிலிருந்து மிதிக்கும்போது திடீரென்று பெடல் காலியாகச் சுற்றுகிறது. ஹப் போய்விட்டதா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஹப்பை விட ஒயர் இழுவை மேல்தான் எனக்குச் சந்தேகம். ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ. என்கிற 3 கியர் வகை ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதுவும் பிடிக்காத ஓர் இடம் உண்டு, இழுவை தவறினால் அங்கே போய் நிற்கும். லீவரை இரண்டில் வைத்து, வலப்பக்க நட்டில் இருக்கும் துளை வழியாகப் பாருங்கள்: அச்சுக்குள்ளிருந்து வரும் குட்டிச் செயினும் அது மாட்டியிருக்கும் கம்பியும் சேரும் இடம் அச்சின் முனையோடு மட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் செயின் முனையில் உள்ள குழல் திருகைத் திருப்பிச் சரிசெய்து பூட்டு நட்டை முடுக்குங்கள். மூன்றில் வைத்தால் ஒயர் லேசாகத் தொய்ந்திருக்கும், அது சரிதான். இதை முடிக்கும் வரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.