வெயில் ஊரில் வியர்க்கும் சுவர்

கேள்வி: போர்ச்சுகலின் தென்கரையில் தவீராவில் குடியேறி மூன்று மாதம் ஆகிறது. ஏப்ரல் வந்தும் வீட்டுக்குள் குளிர் விடவில்லை. அலமாரியின் பின்சுவரில் கரும்பூஞ்சணம். வெயிலடிக்கும் ஊரில் இது எப்படி?

பதில்: குளிர்காப்பு இல்லாத பழைய சுவர், மாசி பங்குனிக் குளிரைச் சித்திரை வரை பிடித்து வைத்திருக்கும். இதமான கடற்காற்று அதில் பட்டதும் சுவர் வியர்க்கிறது. அதனால் நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் கூடவே செய்யும். காலை மூட்டம் விலகி வெளித்தரை காய்ந்தபின், எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து மூடுங்கள். அலமாரியை நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். காற்றுப் புகாத அந்த இடுக்குதான் பூஞ்சணத்தின் வீடு. ஈரமானி 60 சதவீதத்தைத் தாண்டினால் ஈரநீக்கியை ஓடவிடுங்கள்.

பூஞ்சணத்தை உலர்துணியால் தேய்க்காதீர்கள், வித்து பறக்கும். கையுறை, முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். பிளீச்சையும் வினிகரையும் தயவுசெய்து கலக்க வேண்டாம்; குளோரின் வாயு கிளம்பும்.

சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்துச் சாந்து உதிர்ந்தால் அது வேறு நோய்: மண்ணின் ஈரம் மேலேறுகிறது. பிளாஸ்டிக் பெயின்ட் அதை அடைத்துவைத்து, பிறகு பாளம் பாளமாக உரியும். அங்கே சுண்ணாம்புப் பூச்சே சரி.