ஏழைப் பள்ளிக்கூடத்தை வைத்து எப்படிச் சிரிக்க முடியும்?

'அபட் எலிமெண்டரி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை எல்லோரும் பாராட்டுகிறார்களே, வசதியில்லாத பள்ளியை வைத்து நகைச்சுவை எடுத்தால் அது கேலியாகத்தானே முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே சந்தேகத்தோடுதான் பார்க்க உட்கார்ந்தேன். என் மனதை மாற்றியது முதல் பகுதியில் வரும் ஒரு தரைவிரிப்பு.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஓர் அரசு தொடக்கப்பள்ளி. இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஜனீனின் வகுப்பில் ஒரு பையன் விரிப்பிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். புது விரிப்பு வாங்க அவள் பணம் கேட்கிறாள், 3,000 டாலர் வரவும் செய்கிறது, ஆனால் தலைமையாசிரியை ஏவா அந்தப் பணத்தில் தன் படம் போட்ட பெயர்ப்பலகையைப் பள்ளிக்கு மாட்டிவிடுகிறார். கடைசியில் விரிப்பு கிடைப்பது மெலிசா என்கிற ஆசிரியைக்கு வெளியில் இருக்கும் ஆள் பழக்கத்தால். நாம் சிரிப்பதெல்லாம் பெரியவர்களைப் பார்த்துத்தான். அந்தப் பையனை யாரும் கேலிப்பொருள் ஆக்கவில்லை. எனக்கு இது ரொம்ப முக்கியம்.

இதை எழுதி, ஜனீனாகவும் நடிக்கும் குவின்டா பிரன்சன் அந்த ஊர்ப் பெண். அவர் அம்மா அங்கேயே பல வருடம் மழலையர் வகுப்பு எடுத்தவர். பள்ளியின் பெயர்கூட குவின்டாவின் ஆறாம் வகுப்பு ஆசிரியை ஜாய்ஸ் அபட்டின் பெயர்தான். ஷெரில் லீ ரால்ஃப் நடிக்கும் பார்பரா என்கிற மூத்த ஆசிரியை பாத்திரத்தில் அந்த அம்மாவின் சாயல் இருக்கிறது. (ரால்ஃப் 2022இல் இதற்காக எம்மி என்ற தொலைக்காட்சி விருதை வாங்கினார், மேடையில் பேச்சைப் பாட்டோடு தொடங்கினார், தேடிப் பாருங்கள்.) இரண்டாவது பகுதியில் நடைபாதை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பார்பரா அதைத் தொடாதே என்கிறார், ஜனீன் கேட்காமல் சரிசெய்யப் போய்ப் பள்ளிக்கே மின்சாரம் போய்விடுகிறது. முதலில் பார்த்தபோது பார்பரா அலட்சியமாக இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுபடி பார்த்தபோதுதான், இத்தனை வருடம் அங்கே தாக்குப்பிடிக்க எதை விட்டுவிட வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்தது.

பணம் ஏன் இல்லை என்பதற்கு நிஜக் காரணம் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் பள்ளிகளின் வருமானத்தில் பெரும்பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரி. வீட்டு விலை குறைந்த இடத்தில் பள்ளிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். இதை எதிர்த்து 2014இல் போட்ட வழக்கின் விசாரணை 2021 நவம்பரில் தொடங்கியது, அடுத்த மாதமே ஏபிசி தொலைக்காட்சியில் இந்தத் தொடரின் முதல் பகுதி வந்தது. 2023 பிப்ரவரியில் மாநில நீதிமன்றம் அந்த நிதிமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இது தெரிந்த பிறகு அந்த விரிப்புக் காட்சியை மறுபடி பார்த்தேன், இந்த முறை ஏவாவின் மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை.

தொடரை விளம்பரப்படுத்த ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை ஆசிரியர்களுக்கு வகுப்புப் பொருட்கள் வாங்கித் தரவும் செலவழித்தார்கள். அப்புறம், முதல் பகுதியோடு முடிவு கட்டிவிடாதீர்கள், விளக்கு எரியாத அந்த இரண்டாவதையும் சேர்த்தே பாருங்கள். இரண்டும் சேர்ந்தே முக்கால் மணி நேரம்தான்.