அண்ணனைக் கேளுங்கள்: மைவியும் பெட்ரோலும்

கேள்வி: பிறையிலிருந்து பினாங்குப் பாலம் வழியாகத் தினமும் பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறேன். என் மைவி கார் பெட்ரோலைக் குடித்துத் தள்ளுகிறது. என்ன செய்யலாம் அண்ணே?
– வாசகி, பிறை

பதில்: காரைத் திட்டாதீர்கள் தங்கச்சி, உங்கள் வலது காலைக் கவனியுங்கள். பாலத்தில் வேக வரம்பு 80 கிலோமீட்டர். 110-இல் பறந்தால் காற்றுத் தடை ஏறக்குறைய இருமடங்காகிறது. அதைத் தள்ளுவது உங்கள் பெட்ரோல்தான். முன்னால் நெரிசல் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே உருளும்போது, எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் அநேகமாக எரிபொருளே எடுக்காது. நியூட்ரலில் உருட்டினால்தான் மிச்சம் என்று என் அப்பா சத்தியம் செய்வார். அது பழைய கார்புரேட்டர் இன்ஜின் காலத்துக் கணக்கு. டயர் காற்றை மாதம் ஒருமுறை பாருங்கள். நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு நிற்காதீர்கள். நானும் பல வருடம் அப்படி நின்றவன்தான்.