மேனுவல் காரில் மிக விரைவாக வேகமெடுக்க எந்த ஆர்பிஎம்மில் கியர் மாற்ற வேண்டும்?

டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) உச்சத்தைத் தொடும் இடம், பவர் (எஞ்சின் ஒரு நொடியில் செய்யும் வேலை) உச்சத்தைத் தொடும் இடம், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்ணிக்கை) மீட்டரில் எஞ்சினின் பாதுகாப்பு எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு தொடங்கும் இடம் ஆகிய மூன்றில் எங்கே கியரை மாற்றினால் கார் மிக விரைவாக வேகமெடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத பெட்ரோல் காருக்குப் பெரும்பாலும் சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்பு என்பதே விடை. டர்போ டீசலுக்கு அதற்கு நன்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

நானும் பல ஆண்டுகள் டார்க் உச்சத்தில், அதாவது என் காரில் சுமார் 4000 ஆர்பிஎம்மில், கியரை மாற்றிக்கொண்டிருந்தவன்தான். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால், முதுகு இருக்கையில் மிக அழுத்தமாகப் பதிவது டார்க் உச்சத்தில் இருக்கும் கணத்தில்தான். அதைத் தாண்டியதும் இழுவை தளர்வதை உடலே உணர்ந்துவிடுகிறது, எஞ்சினும் இரைச்சலிடத் தொடங்குவதால் இனி இந்தக் கியரில் பயனில்லை என்று கை தானாகக் கியர் கம்பிக்குப் போகிறது. ஆனால் இந்தக் கியரில் இழுவை குறைகிறதா என்பது இங்கே கேள்வியே அல்ல. குறைந்துபோன இந்த இழுவையைவிட அடுத்த கியர் தரப்போகும் இழுவை அதிகமா என்பதுதான் கேள்வி.

சக்கரத்துக்கு எஞ்சினின் டார்க் அப்படியே போவதில்லை. கியர் விகிதத்தால், அதாவது கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒருமுறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்ணால், பெருக்கப்பட்டே போகிறது. ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 3.5, இரண்டாவது 2.0, மூன்றாவது 1.4, நான்காவது 1.0, ஐந்தாவது 0.8 என்று விகிதங்கள். எஞ்சின் 4000 ஆர்பிஎம்மில் 150 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது; சிவப்புக் கோடு தொடங்கும் 6500-இல் அது 115 ஆகக் குறைந்துவிடுகிறது. இரண்டாவது கியரில் 6500 வரை ஓட்டினால், அந்தக் கடைசிக் கணத்திலும் கிடைப்பது 115 பெருக்கல் 2.0, அதாவது 230. அங்கே மூன்றாவதுக்கு மாற்றினால் ஆர்பிஎம் ஏறக்குறைய 4550-க்கு இறங்கும். அங்கே எஞ்சின் 148 தருகிறது என்று வைத்தாலும், 1.4-ஆல் பெருக்கினால் 207தான் வருகிறது. ஓய்ந்துபோனதாக நாம் நினைக்கும் இரண்டாவது கியர், உற்சாகமாகத் தொடங்கும் மூன்றாவதைவிட அப்போதும் வலுவாகவே இழுக்கிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது இந்த இடைவெளி இன்னும் பெரிது: 402-க்கு எதிராக 296.

மேலே போகப்போக விகிதங்கள் நெருங்கி வருவதால் கணக்கு மாறுகிறது. நான்காவதில் 6500-இல் கிடைப்பது 115. ஐந்தாவதுக்கு மாற்றினால் 5200-க்கு இறங்கி, அங்கே எஞ்சின் தரும் 142-ஐ 0.8-ஆல் பெருக்க ஏறக்குறைய 114 கிடைக்கிறது. இரண்டும் சமமாகும் இந்தப் புள்ளிதான் கியர் மாற்றச் சரியான இடம். இதையே பவரைக் கொண்டு சொன்னால் இன்னும் சுருக்கமாக முடியும்: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எந்தக் கியர் எஞ்சினிடமிருந்து அதிகப் பவரை வாங்குகிறதோ, அந்தக் கியரில்தான் கார் அதிகம் இழுக்கும். ஆகவே பவர் உச்சத்தைத் தொட்டவுடன் மாற்றாமல், அதைக் கொஞ்சம் தாண்டவிட்டு மாற்றினால், உச்சத்தின் இரு பக்கத்துச் சரிவிலும் எஞ்சின் நல்ல பவரில் உழைக்கும்.

டர்போ டீசலில் இதே விதி வேறு விடையைத் தருகிறது. அங்கே டார்க் 1750 முதல் 2750 வரை சமதளம்போல் நீண்டு, பிறகு சடாரென்று சரிகிறது. சமதளத்தில் 250, 4250 ஆர்பிஎம்மில் 155 என்று வைத்து, இரண்டாவது கியர் 1.9, மூன்றாவது 1.2 என்று கொண்டால், 4250-இல் இரண்டாவது தருவது 295. மாற்றியதும் சுமார் 2680-இல் மூன்றாவது தருவது 300. எனவே மீட்டரில் 5000 வரை இடம் இருந்தாலும் 4200-ஐ ஒட்டி மாற்றுவதே நல்லது. அதற்குமேல் பிடித்து வைத்தால் சத்தம்தான் மிச்சம்.

நடைமுறையில் இந்தக் கணக்கைச் சற்றே வளைக்கும் சில விஷயங்கள் உண்டு. கிளட்சை மிதித்துக் கியர் மாற்றி மீண்டும் விடுவதற்குச் சாதாரண ஓட்டுநருக்கு அரை நொடியாவது ஆகும்; அந்த அரை நொடியில் சக்கரத்துக்கு எதுவும் போவதில்லை. அதனால் 100 கிலோமீட்டர் வேகம் இரண்டாவது கியரின் எல்லைக்குள்ளேயே அடங்குமானால், கணக்கு எப்படியிருந்தாலும் மூன்றாவதைத் தொடாமல் அங்கேயே முடித்துவிடுவது லாபம். மறுபுறம், சிவப்புக் கோட்டைத் தாண்டி, எஞ்சின் எல்லை மீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரில் போய் இடித்தால் எரிபொருள் துண்டிக்கப்பட்டு கார் ஒரு கணம் தலைகுனியும். மாற்றுவதற்கு ஆகும் நேரத்தைவிட அந்தத் தடுமாற்றம் அதிக நேரத்தைத் தின்றுவிடலாம். முதல் கியரில் முள் மிக வேகமாக ஏறுவதால், கண் பார்த்துக் கால் மிதிப்பதற்குள் எல்லை வந்துவிடும். எனவே அங்கே மட்டும் 300 ஆர்பிஎம் முன்பாகவே கையையும் காலையும் அசைக்கத் தொடங்குவேன். டயர் வழுக்கிச் சுழன்றால் டார்க் கணக்கே செல்லாது. அப்போது ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

முந்திச் செல்லும்போதும் இதே கணக்குதான், திசை மட்டும் தலைகீழ். 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கார் திணறும். முந்தத் தொடங்கும் முன்பே மூன்றாவதுக்கோ, எல்லை இடம் கொடுத்தால் இரண்டாவதுக்கோ இறக்கிக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத் தடத்தில் போன பிறகு கியரைத் தேடக் கூடாது. அவசரத்தில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாற்றுவதாக நினைத்து இரண்டாவதுக்கு இழுத்துவிட்டால், சக்கரமே எஞ்சினை எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். ரெவ் லிமிட்டரால் இதைத் தடுக்க முடியாது. கியர் கம்பியை இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளினால் இந்தத் தவறு அநேகமாக நேராது.

உங்கள் காரின் டார்க் வரைபடம் கிடைக்காவிட்டால், நான் செய்ததைச் செய்து பாருங்கள். போக்குவரத்தே இல்லாத நேரான இடத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, அருகில் அமர்ந்தவரை வேகமானியைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லி, 40-லிருந்து 80 வரை ஒருமுறை இரண்டாவது கியரிலேயே போனேன். மறுமுறை என் பழைய பழக்கப்படி 4000-இல் மூன்றாவதுக்கு மாற்றினேன். காட்சியை மெதுவாக ஓட்டி நேரத்தை எண்ணியபோது ஒன்றரை நொடிக்கும் மேல் வேறுபாடு வந்தது. அன்றிலிருந்து 4000-இல் கை கியர் கம்பிக்குப் போவதில்லை.