பாலியல் தாக்குதலுக்கு ஆளான தோழியை மருத்துவப் பரிசோதனைக்கு எப்படி அழைத்துப் போவது?

திருகோணமலையில் இருக்கும் உங்கள் தோழி பரிசோதனைக்குப் பயப்படுகிறாள், குளித்துவிட்டுத்தான் வருவேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். குளிக்க வேண்டாம், உடுப்பைத் துவைக்கவும் வேண்டாம், தடயங்கள் அழிந்துபோகும். உடுப்பைப் பொலித்தீனில் கட்டினால் ஈரம் தங்கி டிஎன்ஏ சிதையும், கடதாசிப் பைதான் சரி. ஏற்கெனவே குளித்திருந்தாலும் போங்கள். பொலிஸுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்றில்லை, மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே நேரே போகலாம், ஏனென்றால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

சட்ட வைத்திய அதிகாரி (வழக்குக்கான மருத்துவ ஆதாரங்களைப் பதிவுசெய்யும் வைத்தியர்) அவளுடைய சம்மதத்தோடுதான் பரிசோதிக்க வேண்டும், இடையில் எதையும் அவள் வேண்டாம் என்று சொல்லலாம். இதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம், அவள் நடந்ததை முன்பின்னாகச் சொன்னால் தயவுசெய்து "நேற்று வேறமாதிரிச் சொன்னாயே" என்று கேட்காதீர்கள். கடும் பயத்தில் ஒரு மணமோ குரலோ மட்டும் தெளிவாகப் பதிந்து, நேரமும் ஒழுங்கும் குழம்பிப் போவது சாதாரணம், அது பொய்யின் அடையாளம் இல்லவே இல்லை, விசாரிப்பவர்களும் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். யாராவது மிரட்டினால் குற்றங்களால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். மகளிர் உதவி இலக்கம் 1938. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துப் பார்க்காமல் அவள் கையெழுத்து வைக்க வேண்டாம்.