பம்பிங் 60 வீதம், நிம்மதி 100 வீதமா?

கேள்வி: வயது 58. பத்து வருடமாகச் சலரோகம். எக்கோ எடுத்தபோது பம்பிங் 60 வீதம், இதயம் நல்லம் என்றார்கள். தினமும் பின்னேரம் காலிமுகத்திடலில் நடக்கிறேன். அப்படியிருந்தும் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயசுதானே? இன்னும் வேகமாக நடந்தால் குளிசையை விடலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பழியை வயதின் தலையில் போட்டுவிட்டு, குளிசையிலும் கைவைக்கப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த 60 பரீட்சைப் புள்ளி அல்ல. இடது இதய அறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் அடுத்த துடிப்புக்கு முன் அந்த அறை எப்படித் தளர்ந்து நிரம்புகிறது என்பதை அது சொல்லாது. நெடுநாள் சலரோகத்தில் இதயத் தசை இறுகி, முதலில் பழுதுபடுவது பெரும்பாலும் அதுதான். கதிரையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. படியேறும்போது துடிப்பு வேகமெடுக்கும், நிரம்ப நேரம் போதாது, அழுத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும், மூச்சு வாங்கும். எக்கோ அறிக்கையில் ‘டயஸ்டொலிக்’ (இதயம் தளர்ந்து நிரம்பும் கட்டம்) என்பதற்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. சலரோகம் நரம்புகளை மழுங்கடிப்பதால், இதயக் குழாயில் அடைப்பு இருந்தும் நெஞ்சு நோகாமலே போகலாம். மூச்சு வாங்குவது மட்டுமே அறிகுறியாக இருக்கும். ஆகவே வேகத்தைக் கூட்டுமுன் இதய வைத்தியரிடம் போங்கள், இந்தக் கிழமையே. சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

அவர் சரி என்றால் நடையைப் பார்ப்போம். காலிமுகத்திடலில் ‘நடக்கிற’ பலரை நானும் பார்க்கிறேன். பாதி நேரம் ஃபோனில் கதை, மீதி நேரம் இறால் வடை வண்டியடியில். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் கிழமைக்கு 150 நிமிடம், அடுத்தடுத்து இரண்டு நாள் இடைவெளி விழாமல். சீனி இறங்கும், தெம்பு கூடும். இறுகிய இதயம் எவ்வளவு தளரும் என்பதில் மட்டும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

குளிசையா? அமெரிக்காவின் ‘லுக் அஹெட்’ ஆய்வில் பருமனான சலரோகக்காரர் 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு பாதியினருக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கொடுத்து, ஏறக்குறையப் பத்து வருடம் பார்த்தார்கள். எடையும் சீனியும் இறங்கின. மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிடக் குறையவில்லை என்று 2012இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே நடையை மட்டும் நம்பிவிட முடியாது. குளிசையைக் குறைப்பதா இல்லையா என்பதை உங்கள் வைத்தியர் சொல்லட்டும், காலிமுகத்திடல் நண்பர்கள் அல்ல. உங்கள் குளிசை கிளிக்ளசைட் (சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடியது) என்றால் வெறுவயிற்றில் நடக்காதீர்கள். சட்டைப் பையில் கொஞ்சம் குளுக்கோஸும் இருக்கட்டும்.