'வீரருக்கு' அல்ல, 'வீரத்துக்கு'

கேள்வி: பிரிட்டனின் மிக உயர்ந்த போர்வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கிய வீரர் பிற்பாடு குற்றம் செய்தால் பதக்கத்தைப் பறித்துவிடலாம் என்று விதி உண்டாமே, அது சரிதானா?

பதில்: விதி உண்டு. அது சரியில்லை. 'வீரர்' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். 1856-இல் பதக்கத்தில் பொறிப்பதற்கு முதலில் எழுதிக்கொண்டுபோன ஆங்கில வாசகம், தமிழில் சொன்னால், 'வீரருக்கு' என்பதுதான். விக்டோரியா ராணி அதை 'வீரத்துக்கு' என்று மாற்றச் சொன்னார். 'வீரருக்கு' என்று போட்டால், பதக்கம் வாங்கியவர்கள் மட்டுமே வீரர்கள் என்று பொருள்பட்டுவிடும் என்பது அவருடைய கவலை. இரண்டிலும் உருபு அதே 'கு'தான்; எதன் மேல் போய் ஒட்டுகிறது என்பதுதான் விஷயம். நான் வேற்றுமை உருபைத் தொட்டாலே 'இலக்கண வகுப்பு வேண்டாம்' என்று கடிதம் எழுதும் அன்பர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மரியாதை செயலுக்கு என்று பதக்கத்திலேயே பொறித்துவிட்டு, அதை ஏற்படுத்திய அரச ஆணையில் துரோகம், கோழைத்தனம், இழிகுற்றம் செய்தவரின் பெயரை நீக்கலாம் என்றும் விதி எழுதினார்கள். 1861 முதல் 1908 வரை எட்டுப் பேர் பதக்கத்தை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் மைக்கேல் மர்ஃபி. 1858-இல் ஆசம்கர் பக்கம், ஆங்கிலேயருக்கு எதிரான 1857 கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான குன்வர் சிங்கின் படையோடு நடந்த சண்டையில், குதிரையிலிருந்து விழுந்து காயத்தோடு கிடந்த அதிகாரியை, தானும் பலத்த காயம்பட்ட நிலையில் விட்டு நகராமல் காத்தவர். நமக்கு எதிரணியில் நின்றவர்தான். ஆனாலும் அது வீரம். 1872-இல் கொஞ்சம் ஓட்ஸும் வைக்கோலும் திருடினார். சிறைக்கு அனுப்பினார்கள், அது நியாயம். பதக்கத்தையும் பிடுங்கினார்கள். வைக்கோல் திருடியதால் ஆசம்கரில் அவர் நின்ற இடம் மாறிவிடுமா?

பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு இது புரிந்திருந்தது. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கு மேடை ஏறுகிறவனும் அங்கே விக்டோரியா கிராஸை அணிந்துகொள்ளலாம் என்பது அவர் கருத்து. 1920-இல் அவருடைய செயலாளர் அதை எழுதிவைத்தார். 1908-க்குப் பிறகு யாரிடமும் பறிக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 'வீரத்துக்கு' என்று பொறித்த அந்தப் பதக்கத்தை இந்தியச் சிப்பாய் 1911 வரை வாங்க முடியாது. முதலில் பெற்றவர் குதாதாத் கான். 1914 அக்டோபர் 31, பெல்ஜியத்தில் ஹோல்பெக். அவருடைய இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய மற்ற ஐந்து பேரும் இறந்த பிறகும், காயத்தோடு அவர் சுட்டுக்கொண்டே இருந்தார்.